புள்ளியை வாசிப்பவர்

அனைவருக்கும் வணக்கம்.

பலகையில் 'க' என்று எழுதியிருக்கிறேன். அதன் மேல் இப்போது ஒரு புள்ளி வைக்கிறேன். எழுத்தின் வளைவு ஒன்றும் மாறவில்லை. உள்ளே இருந்த அகரம் மட்டும் அடங்கிவிட்டது. எபிஜெனெடிக்ஸ் என்ற வாயில் நுழையாத பெயருக்குள் இருப்பது ஏறக்குறைய இதுதான்.

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதன் மேல் ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மெத்தில் என்ற சிறு தொகுதி ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது, ஆனால் அந்த மரபணுவின் குரல் பெரும்பாலும் தணிந்துவிடும். உங்கள் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே ஏடு. புள்ளிகள் வைத்த இடங்கள்தான் வேறு.

நினைத்தாலே மரபணுவை மாற்றிவிடலாம் என்று சொல்லி முகாம் நடத்துகிறவர்களும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சரக்கு என்னிடம் இல்லை.

கற்றலுக்கு வருகிறேன். ஓர் எலியைப் புதிய பெட்டியில் விட்டு, காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் எலி அசையாமல் உறைந்து நிற்கும். நினைவிருக்கிறது என்று பொருள். 2007இல் நரம்பியல் ஆய்வாளர்கள் கோர்ட்னி மில்லரும் டேவிட் ஸ்வெட்டும், அதிர்ச்சி கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில், புதிய நினைவுகள் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் நடப்பதைப் பார்த்தார்கள். நினைவுக்குக் கடிவாளம் போடும் ஒரு மரபணுவின் மேல் புள்ளிகள் கூடியிருந்தன. நினைவுக்குத் துணைபோகும் ரீலின் மரபணுவில் புள்ளிகள் குறைந்திருந்தன. புள்ளி வைக்கும் நொதியை மருந்தால் தடுத்தபோது நினைவு சரியாகப் பதியவில்லை. ஹிப்போகேம்பஸில் கண்ட அந்தப் புள்ளிகள் ஒரே நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. 2010இல் அவர்களே செய்த அடுத்த ஆய்வில், ஒரு மாதம் கழித்தும் மூளையின் முன்பக்க மேலடுக்கான புறணியில் மாற்றம் நிலைத்திருந்தது. குறிப்பேட்டில் கிறுக்கியதைப் பிறகு வேறொரு பேரேட்டில் ஏற்றியது போல.

சரி, புள்ளி இருந்தும் அதை வாசிப்பவர் இல்லாவிட்டால்?

1954, வியன்னா. குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட்டின் காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார் மடியில் இரண்டு சிறுமிகள். இருவரும் கை கழுவுவது போல ஒரு கையை இன்னொரு கையோடு ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். 1966இல் ரெட் எழுதிய கட்டுரையை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1983இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெரியும் சக மருத்துவர்களும் இதே போன்ற 35 சிறுமிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் விழித்தது. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை ஓரளவு இயல்பாக வளர்ந்த குழந்தை, கற்ற சொற்களையும் கையின் பழக்கத்தையும் ஒவ்வொன்றாக இழக்கும். ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் இந்த நோய்க்கு ரெட் நோய்க்குறி என்று பெயர்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மரபியல் ஆய்வாளர் ஹுதா ஸோக்பியின் குழு 1999இல் காரணத்தைக் கண்டது. மெக்பி2 என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை. இந்தப் புரதத்தை மரபியல் ஆய்வாளர் ஏட்ரியன் பேர்டின் குழு 1992இலேயே அடையாளம் கண்டிருந்தது. மெத்தில் புள்ளிகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை.

பனையோலை ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். படிப்பவர் பழக்கத்தால் இட்டு வாசித்துக்கொள்வார். இங்கே நேர்மாறு. புள்ளிகள் அத்தனையும் இருக்கின்றன. அவற்றை மதித்து வாசிப்பவரைத்தான் காணோம். பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிழை பெரும்பாலும் விந்தணுவில் புதிதாக, தற்செயலாக நேர்வது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டோம், எதற்கு அழுதோம் என்று தாய் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தத் துறையில் என்னைத் திகைக்கவைத்தது 2007இல் எடின்பரோவில் பேர்டின் குழு செய்த சோதனை. எலிகளில் அந்த மரபணுவுக்குப் பூட்டுப் போட்டு வளர்த்தார்கள். எலிகள் நடுங்கின, தள்ளாடின, மூச்சு தாறுமாறானது. நோய் முற்றிய பிறகு டமாக்சிஃபன் மருந்தால் பூட்டைத் திறந்தார்கள். நடை திரும்பியது, மூச்சு சீரானது. நரம்பு செல்கள் செத்துப்போயிருக்கவில்லை, வாசிப்பவருக்காகக் காத்திருந்தன! ஆனால் அவசரமாகத் திறந்தபோது சில எலிகள் இறந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

மனிதரில் அதுதான் சிக்கல். 2023இல் அமெரிக்கா அனுமதித்த டிரோஃபினடைடு என்ற மருந்து மரபணுவைத் திருத்துவதில்லை; அறிகுறிகளைச் சற்றுக் குறைக்கிறது. நல்ல மரபணுவை மூளைக்குக் கொண்டுசேர்க்கும் சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. மெக்பி2 குறைந்தால் ஒரு நோய். இரட்டித்தால் அதுவும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. மெக்பி2 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண் குழந்தையின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மூடிவைக்கிறது. அதனால் ரெட் சிறுமியின் மூளையில் ஏறக்குறைய பாதிச் செல்களில் வாசிப்பவர் ஏற்கெனவே இருக்கிறார். இல்லாத செல்லுக்கு மட்டும், ஒரே ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த அளவுக்கணக்கோடுதான் இன்று ஆய்வாளர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

மணி ஏழாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.