சந்தைக்கு எது, வீட்டுக்கு எது? இளஞ்சேவல்ல பொலி சேவல் பிரிக்கிற முறை

[காட்சி: ஞாயித்துக்கிழமை காலை, போச்சம்பள்ளி சந்தை. கால் கட்டின சேவல்கள்.]

சந்தையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. கனமா, எடுப்பா இருக்கிற சேவல்தான் முதல்ல கைமாறும். ஆடி மாசம்னா கேக்கவே வேணாம். வீட்டுல மிஞ்சுறது யாரும் விலை கேக்காத வத்தல் சேவல். அடுத்த வருஷத்துக் குஞ்சுக்கு அதுதான் அப்பன். நாலு தலைமுறை இப்படியே போனா, "நாட்டுக்கோழின்னாலே எடை நிக்காதுங்க"ன்னு கோழி மேல பழி போடுறோம். அதனால விக்கிறதுக்கு முன்னாடியே பொலி சேவலை, அதாவது குஞ்சுக்கு அப்பனா வெச்சுக்கிற சேவலை, பிரிச்சு வெச்சிடணும்.

சண்டைக்கு விடுற கட்டுச் சேவல் பாக்கிற கணக்கு வேற, அது இங்க இல்ல. இது முட்டைக்கும் கறிக்கும் குஞ்சு எடுக்கிறவங்களுக்கு.

[காட்சி: எட்டு வாரக் குஞ்சுகள், ஊசி போடும் கை.]

ஒரே ஈட்டுல, அதாவது ஒரே அடையில, பொரிச்ச சேவக்குஞ்சுகளைத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும். பத்து நாள் மூத்தது பெருசா தெரியத்தான் செய்யும். எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி ஊசி போட எப்படியும் ஒவ்வொண்ணா பிடிப்பீங்க. முதல் கழிப்பை அப்பவே முடிச்சிடுங்க. அலகு மேலும் கீழும் பொருந்தாம கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போனது, விரல் கோணினது, ஒரு காலை முன்னாடியும் ஒரு காலை பின்னாடியும் நீட்டிப் படுக்கிறது, கழிச்சல்ல பிழைச்சு கழுத்து திருகினது எல்லாம் வேணாம். கொண்டையில அம்மைத் தழும்பு இருந்தா அதுக்காகக் கழிக்காதீங்க. அது வந்து போன நோய், குஞ்சுக்கு இறங்காது.

[காட்சி: தொங்கு தராசு, துணிப்பை.]

அடுத்தது 12-லிருந்து 14 வாரத்துக்குள்ள, எடை. காலையில கூடு திறந்ததும், தீவனம் போடுறதுக்கு முன்னாடி போடுங்க. இரைப்பை நெறைய கேழ்வரகு இருந்தா 50 கிராம் சும்மாவே ஏறிடும். சேவலைத் தலைகீழா பிடிக்காம, துணிப்பைக்குள்ள உக்கார வெச்சு தராசுல மாட்டுங்க. பத்து சேவலும் சேர்ந்து 9 கிலோன்னா சராசரி 900 கிராம். ஒரு கிலோவைத் தாண்டினது மேல கண்ணு வைங்க.

ஆனா தராசு பாதிதான் சொல்லும், மீதியைக் கைதான் சொல்லணும்.

[காட்சி: மிக அருகில், சேவலைப் பிடித்த இடது கை.]

இடது முன்கை மேல சேவலைப் படுக்க வைங்க. அதோட தலை உங்க முழங்கைப் பக்கம் இருக்கட்டும், ரெண்டு காலும் உங்க விரலிடுக்குல. இப்ப வலது உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில கொடுத்துத் தடவுங்க. நெஞ்செலும்பு நேரா ஓடணும். ரெண்டு பக்கமும் சதை ஏந்திக்கிட்டு வரணும். எலும்பு கத்தி முனை மாதிரி உறுத்தினா அந்த உயரமெல்லாம் வெறும் கால்தான். எலும்பு வளைஞ்சிருந்தா உங்க கூட்டையும் பாருங்க. சின்னதுலயே மெல்லிசு குச்சி மேல அடைய விட்டாலும் நெஞ்சு வளையும். அதுக்கு அப்பன் பொறுப்பில்ல.

அப்புறம் தரையில விட்டு நேர் எதிர்ல குந்துங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல நல்ல அகலம் வேணும். முட்டி ரெண்டும் உரசுற சேவல் பெட்டை மேல நிலையா நிக்காது, முட்டை கூமுட்டையாகும். இறக்கைக்கு அடியில பேன் இருந்தா மருந்து போட்டுக்கலாம், அது தேர்வுல சேராது.

இந்த இடத்துலதான் நெறைய பேர் ஏமாறுறது. முதல்ல கூவினது, கொண்டை சிவந்தது எதுவோ அதையே எடுத்துக்குவாங்க. கூட்டத்துல ஒண்ணு அடக்கி வெச்சிருந்தா மத்ததெல்லாம் கூவாது, பெட்டைகிட்டயும் போகாது. பயந்து ஒதுங்கி நிக்கும், அவ்வளவுதான். அந்த அதிகாரியைப் பத்து நாள் வேற கூட்டுல அடைச்சுப் பாருங்க. இதுவரைக்கும் மூலையில நின்ன ஒண்ணு கொண்டை சிவந்து முன்னாடி வரும். எடையிலயும் அது தேறியிருந்தா, அதை விட்டுடாதீங்க.

[காட்சி: மாந்தோப்பு நிழல், ஐந்து பெட்டைகள், ஒரு சேவல்.]

ஆறு மாசம் நெருங்கும்போது குணம். நாலஞ்சு பெட்டையோட விட்டு ஒரு கை கம்பு வீசுங்க. நல்ல சேவல் கொத்தித் தூக்கிக் கீழ போட்டு, குக்குக்குன்னு பெட்டையைக் கூப்பிடும். தான் மட்டும் தின்னுட்டு, பெட்டையைத் துரத்தி முதுகு இறகைப் பிய்க்கிறது வேணாம். பருந்து வட்டம் போட்டா ஒரு கண்ணை மேல சாய்ச்சு எச்சரிக்கைக் குரல் கொடுக்குதான்னும் பாருங்க. தோப்புல மேய விடுறவங்களுக்கு இது எடையை விடப் பெருசு. ஆளு மேல பாய்ஞ்சு உதைக்கிறதை, எவ்வளவு அழகா இருந்தாலும், குழம்புக்கு அனுப்பிடுங்க. அந்த முரட்டுத்தனம் குஞ்சுக்கும் இறங்கும்.

ஒண்ணு மட்டும் சேவலைப் பார்த்துத் தெரியாது: முட்டை. அதுக்கு அம்மாவைப் பார்க்கணும். நெறைய முட்டை இட்டு, நல்லா அடைகாத்து, குஞ்சைக் கரையேத்தின பெட்டை எதுன்னு உங்களுக்குத் தெரியும். அதோட குஞ்சு காலுக்குச் சின்னதுலயே கலர் வளையம் போடுங்க. வாரம் ஒரு தடவை தளர்த்தணும், இல்லன்னா கால் வளர்ந்து வளையம் சதையில இறங்கிடும்.

தேறின சேவலை அதோட அக்கா தங்கச்சியோடயே விடக் கூடாது. பக்கத்து ஊர்ல இதே மாதிரி பிரிச்சு வெச்சவங்களோட மாத்திக்கோங்க. வந்த சேவலை மூணு நாலு வாரம் தனியா வெச்சு, நோய் இல்லன்னு பார்த்துட்டுப் பெட்டைங்களோட சேத்து விடுங்க. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

[காட்சி: இருட்டு, செல்போன் டார்ச், முட்டைக்குள் சிவப்பு நரம்புகள்.]

பழைய சேவலை எடுத்த உடனே அடை வைக்காதீங்க. அதோட விந்து பெட்டை உடம்புல ரெண்டு மூணு வாரம் நிக்கும், பொரிக்கிற குஞ்சு பழையவனோடதா இருக்கும். மூணு வாரம் கழிச்சு இட்ட முட்டையில பத்து வைங்க. ஏழாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சா, கருக் கட்டின முட்டையில சிலந்திக்கால் மாதிரி நரம்பு ஓடும். எட்டுக்கு மேல கட்டியிருந்தா சேவல் சரி. பாதிதான்னா, சேவலோட பாதத்துல புண் இருக்கா, பெட்டை அதிகமான்னு பார்த்துட்டு இன்னொரு ஈடு வைங்க. சித்திரை, வைகாசி வெயில்லயும் கரு குறையும், அப்ப அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. ரெண்டாவதா தேறின சேவல் அதுவரைக்கும் தனிக்கூட்டுலயே இருக்கட்டும், சந்தைக்கு ஏத்தாதீங்க.