ஆயிரம் வரி ஓடும்போது நமக்கான பத்து வரி: பெரிய அப்டேட்டில் அறிவிப்புகளைத் தவறவிடாமல் இருக்க

[திரை: கருப்பு டெர்மினல். வரிகள் நிக்காம மேலே ஓடுது.]

வணக்கம் மக்களே. இப்போ திரையில ஓடுறது, டெபியன்ங்கிற லினக்ஸ் சிஸ்டம் 12-ம் வெர்ஷன்ல இருந்து 13-க்கு மாறுற அப்டேட். ஆயிரத்துக்கு மேல பேக்கேஜ், அதாவது தனித்தனி சாஃப்ட்வேர் பொட்டலம். ஒவ்வொண்ணுக்கும் "அன்பேக்கிங்", "செட்டிங் அப்"னு சில வரி. அத்தனையும் மெஷின் தனக்குத்தானே பேசிக்கிறது. ஆனா நடுவுல சில வரி, அந்த பேக்கேஜைப் பராமரிக்கிற ஆளு உக்காந்து உங்களுக்குன்னு எழுதினது. "இது மாறிருக்கு, நீங்க இதைச் செய்யணும்"னு சொல்றது. அதை எப்படிப் பிடிக்கிறதுங்கிறதுதான் இந்த வீடியோ.

ஓடும்போது உத்துப் பார்த்துப் பிடிச்சிரலாம்னு நினைச்சா நடக்காது. அப்டேட்டுக்கு முன்னாடியே வலையைக் கட்டி வைக்கணும். பின்னாடி வந்து சல்லடை போடணும். நடுவுல மூணு இடத்துல மட்டும் கை வைக்கணும்.

[திரை: பிரஸ் ஒண்ணு. மேஜைக்கு அடியில ஒரு பழைய டவர் சிபியு.]

உதாரணத்துக்கு ஒரு மெஷினை வச்சுக்குவோம். பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு பிரஸ்னு நினைச்சுக்கோங்க. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஸ்கூல் ரசீது புக்கு. பில்லிங் எல்லாம் மரியாடிபிங்கிற டேட்டாபேஸ்ல இருக்கு. எட்டு ஜிபி ரேம். முதலாளி அண்ணாச்சி பின்னாடி நின்னுக்கிட்டு, "தம்பி, வெரசா முடிச்சிருங்க, நாளைக்குக் கொடை நோட்டீஸ் அடிச்சாகணும்"ங்கிறாரு. இப்படிச் சொல்ற அன்னைக்கு அப்டேட்டைத் தொடவே கூடாது. அது வேற வீடியோ.

முதல்ல, டெபியன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ரிலீஸ் நோட்ஸ்னு ஒண்ணு போடும். முழுசும் படிக்க நேரமில்லைன்னா அஞ்சாவது அத்தியாயத்தை மட்டுமாவது படிங்க. "தெரிஞ்சுக்க வேண்டிய பிரச்சினைகள்"ங்கிற அத்தியாயம் அது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-க்கு அதுல என்ன இருக்குன்னு நம்ம பிரஸ் மெஷினை வச்சே பார்ப்போம்.

[திரை: "மரியாடிபி: முறையா நிறுத்தின பிறகுதான் அப்டேட்"]

முதல் விஷயம் மரியாடிபி. டெபியன் 12-ல இருக்கிறது 10.11. 13-ல வர்றது 11.8. கரண்ட் போயி டேட்டாபேஸ் பாதியில அணைஞ்சிருந்தா, அந்தக் காயத்தை அதே 10.11-தான் ஆத்த முடியும். 11.8 வந்து அதைச் சரி பண்ணாது. அதனால அப்டேட்டுக்கு முன்னாடி பழைய வெர்ஷனையே ஒரு தடவை ஓட்டி, முறைப்படி நிறுத்தணும். நம்ம ஊர்ல கரண்ட் எப்போ போகும்னு சொல்லவா வேணும்? யூபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை மாசம் ஆச்சுன்னு பிரஸ்ல யாருக்கும் தெரியாது. இந்த அறிவிப்பை அப்டேட் முடிஞ்ச பிறகு படிச்சு என்ன பிரயோஜனம்?

ரெண்டாவது, தற்காலிக ஃபைல்களைப் போடுற டெம்ப் ஃபோல்டர். 13-ல இருந்து அது ஹார்டு டிஸ்க்ல இல்ல, ரேம்ல இருக்கும். ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கும். நம்ம மெஷின்ல நாலு ஜிபி. பெரிய பேனர் ஃபைலை டெம்ப்ல போட்டு வேலை பார்க்கிற பழக்கம் இருந்தா மெஷின் திணறும். பழையபடி டிஸ்க்லயே வேணும்னா வச்சுக்க வழி இருக்கு, அதையும் ரிலீஸ் நோட்ஸ்லயே சொல்லிருக்காங்க.

மூணாவது, சிஸ்டத்தோட மையமான கெர்னலுக்குச் சொல்ற சிஸ்கண்ட்ரோல் அமைப்புகளை, அமைப்பு ஃபைல்கள் இருக்கிற ஈடிசி ஃபோல்டர்ல உள்ள பழைய சிஸ்கண்ட்ரோல் டாட் கான்ஃப்ல எழுதி வச்சிருந்தா, இனிமே அதைப் படிக்கவே படிக்காது. பக்கத்துல இருக்கிற சிஸ்கண்ட்ரோல் டாட் டி ஃபோல்டருக்கு மாத்தணும். எந்த எர்ரரும் வராது. சத்தம் போட்டு உடையிறது நல்லது, உடனே தெரிஞ்சிரும். இது சத்தமில்லாம உங்க செட்டிங்கைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிரும். எனக்குப் பயம் இந்த வகைமேலதான்.

[திரை: ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் காட்டுற பக்கம்.]

சரி, ரிலீஸ் நோட்ஸ் எல்லாருக்கும் பொதுவானது. உங்க மெஷின்ல இருக்கிற பேக்கேஜுக்கு மட்டும் என்ன அறிவிப்பு? அதுக்குத்தான் ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ். பேப்பர்ல மின்வாரியம் போடுற மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை செய்தியைப் பார்த்திருப்பீங்க. இருபது ஊர் பேரு இருக்கும். வண்ணார்பேட்டைக்காரர் வண்ணார்பேட்டையை மட்டும் தேடுவாரு, மேலப்பாளையத்துக்காரர் மேலப்பாளையத்தைத் தேடுவாரு. அந்தத் தேடுற வேலையை உங்களுக்காக இந்த டூல் செஞ்சிரும்.

இது எப்போ வேலை செய்யுதுங்கிறதுதான் முக்கியம். எல்லா பேக்கேஜும் டவுன்லோடு ஆகி முடிஞ்சிருக்கும், ஆனா ஒண்ணைக்கூட இன்னும் பிரிச்சிருக்காது. அந்த இடைவெளியில, புது பேக்கேஜுக்குள்ள இருக்கிற "நியூஸ்"ங்கிற ஃபைலைத் திறந்து, நீங்க இப்போ வச்சிருக்கிற வெர்ஷனுக்குப் பிறகு எழுதினதை மட்டும் எடுத்துக் காட்டும். கன்ஃபர்ம்ங்கிற அமைப்பை ஆன் பண்ணி வச்சிருந்தா, படிச்ச பிறகு "தொடரவா?"னு கேட்கும். வேண்டாம்னு சொன்னா மெஷின் அப்படியே பழையபடி நிக்கும். ஒண்ணும் கெட்டுப்போகாது. சாவகாசமா காபி குடிச்சிட்டு வந்து முடிவு பண்ணலாம்.

அமைப்புல முக்கியமா ரெண்டு வகை இருக்கு. நியூஸ் மட்டும் காட்டுறது, இல்லன்னா சேஞ்ச்லாக்ங்கிற மாற்றப் பட்டியல் முழுசையும் காட்டுறது. சேஞ்ச்லாக் வேண்டாம். பெரிய அப்டேட்ல அது பக்கம் பக்கமா வரும், அஞ்சாவது பக்கத்துல கண்ணு சொருகிரும். நியூஸ் மட்டும் வைங்க. உபுண்டு, மிண்ட்டுலயும் இதை இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.

[திரை: டிமக்ஸ். கீழே பச்சைப் பட்டை.]

இப்போ ஓட்டப்போறோம். வீட்ல இருந்து எஸ்எஸ்ஹெச் வழியா, அதாவது நெட் மூலமா அந்த மெஷினுக்குள்ள போய் ஓட்டுறீங்கன்னா டிமக்ஸ் இல்லாம தொடங்காதீங்க. நெட் அறுந்தாலும் அப்டேட் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருக்கும், திரும்பப் போய் ஒட்டிக்கலாம். கூடவே "ஸ்கிரிப்ட்"னு ஒரு பழைய கமாண்ட் இருக்கு. அதைத் தட்டிட்டு ஆரம்பிச்சா, திரையில வர்றது அத்தனையும் ஒரு ஃபைல்ல பதிவாயிரும்.

ஓடும்போது மெஷின் நின்னு கேட்கிற கேள்வி ரெண்டு வகை. ஒண்ணு, நீலமும் சாம்பலுமா பெட்டி மாதிரி வர்றது. அது டெப்கான்ஃப், பேக்கேஜ்கள் அமைப்புக் கேள்வி கேட்கிற டூல். அதுல கேள்விகளுக்கு லோ, மீடியம், ஹை, கிரிட்டிக்கல்னு நாலு தரம் உண்டு. சாதாரணமா ஹையும் அதுக்கு மேலயும்தான் உங்ககிட்ட வரும். மத்ததுக்கு அதுவே பதில் போட்டுக்கும். ஆக, பெட்டி வந்து நிக்குதுன்னா எழுதினவர் யோசிச்சுத்தான் நிறுத்திருக்காரு. என்டரை தட்டிக்கிட்டே போகாதீங்க.

போஸ்ட்கிரஸ்ங்கிற டேட்டாபேஸை வச்சிருக்கிறவங்களுக்கு இங்கதான் வினை. பெரிய அப்டேட்ல "பழைய வெர்ஷன் காலாவதி"னு ஒரு பெட்டி வரும். ஓகேங்கிற ஒரே பட்டன். எல்லாரும் அமுக்கிருவாங்க. நடந்தது என்னன்னா, டெபியன் 12-ல இருந்த 15-ம் இருக்கு, புதுசா 17-ம் வந்து காலியா உக்காந்திருக்கு. உங்க டேட்டா தானா 17-க்குப் போகாது. பி.ஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ் ஓட்டிப் பார்த்தா ரெண்டும் வரிசையா தெரியும். காலியா இருக்கிற 17-ஐ நீக்கிட்டு, பி.ஜி-அப்கிரேடு-கிளஸ்டர் ஓட்டி 15-ஐ நீங்கதான் மாத்தணும். எதை நீக்குறோம்னு ரெண்டு தடவை பாருங்க. பேக்கப் எடுத்தாச்சுதானே?

போஸ்ட்கிரஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிருதேன். 2019-ல டெபியன் 10 வந்தப்போ ஜிலிப்சிங்கிற அடிப்படை லைப்ரரி 2.28-க்கு மாறுச்சு. எழுத்துகளை வரிசைப்படுத்துற விதி அதுல மாறிப்போச்சு. டேட்டாபேஸைத் தொடவே இல்ல, ஆனா பெயர்களை வச்சுப் பழைய விதிப்படி கட்டின தேடல் அட்டவணை, அதாவது இண்டெக்ஸ் எல்லாம் புது விதிக்கு ஒத்துவரல. தேடினா இருக்கிற பேரு இல்லைங்கும். ஒரே பேரு ரெண்டு தடவை ஏறிரும். மறுபடி இண்டெக்ஸ் கட்டணும்ங்கிற அறிவிப்பைப் பார்த்தவங்க தப்பிச்சாங்க.

[திரை: கேள்வி வரி. ஒய், என், டி, இசட் எழுத்துகள் பெரிசா.]

ரெண்டாவது வகை, கான்ஃபிகரேஷன் ஃபைல் கேள்வி. இங்க கொஞ்சம் பைய போவோம். என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர்னு வச்சுக்குவோமே, அதோட கான்ஃபிக்ல நீங்க ஏதோ மாத்திருக்கீங்க. பேக்கேஜ் எழுதினவரும் மாத்திருக்காரு. ரெண்டும் நடந்திருந்தாத்தான், பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற டிபேக்கேஜ் கேட்கும். நீங்க தொடாத ஃபைலா இருந்தா கேட்காமலே புதுசை வச்சிரும். அப்போ கேள்வி வருதுன்னாலே அங்க உங்க கை பட்டிருக்கு, அல்லது உங்களுக்கு முன்னாடி இந்த மெஷினைப் பார்த்த யாரோ ஒருத்தர் கை பட்டிருக்கு.

ஒய் அடிச்சா புதுசு வரும், உங்களோடது டிபேக்கேஜ்-ஓல்டுங்கிற வாலோட பக்கத்துல இருக்கும். என் அடிச்சா உங்களோடது அப்படியே இருக்கும், புதுசு டிபேக்கேஜ்-டிஸ்ட்ங்கிற வாலோட வந்து உக்காரும். சும்மா என்டர் தட்டினா என்-தான். எந்தப் பக்கம் போனாலும் மத்தது அழியாது, அதனால பதற வேண்டாம். டி அடிச்சா வித்தியாசத்தைக் காட்டும். எப்பவும் முதல்ல டி அடிங்க. இசட் அடிச்சா கமாண்ட் தட்டுற ஒரு ஷெல்லுக்குள்ள விடும், போய் நிதானமா பார்த்துட்டு வரலாம்.

எஸ்எஸ்ஹெச் சர்வரோட கான்ஃபிக் யூசிஎஃப்ங்கிற வேற வழியில வரும். பெட்டியா வரும், ஆனா கேள்வி இதேதான். ஊர்ல இருந்து ஓட்டுறவங்க அதுல கண்ணை மூடிக்கிட்டுப் புதுசை வச்சா, நீங்க மாத்தி வச்ச போர்ட் எண் போயிரும். அப்புறம் பஸ் ஏறித்தான் பாளையங்கோட்டை போகணும்.

[திரை: லாக் ஃபைல். தேடல் பெட்டி.]

அப்டேட் முடிஞ்சுது. ஸ்கிரிப்ட் போட மறந்தாலும் வார் லாக் ஆப்ட் ஃபோல்டருக்குள்ள டெர்ம் டாட் லாக்னு ஒண்ணு இருக்கு. இன்ஸ்டால் நேரத்துல திரையில வந்தது அதுல இருக்கும். அதுல "வார்னிங்", "எர்ரர்", "அப்சொலீட்"னு தேடுங்க. பிறகு ஈடிசி ஃபோல்டர் முழுக்க டிபேக்கேஜ், யூசிஎஃப் வால் இருக்கிற ஃபைலைத் தேடுங்க. கமாண்ட் திரையில இருக்கு. கிடைக்கிற ஒவ்வொண்ணும் நீங்க தள்ளிப் போட்ட ஒரு முடிவு. ஒரே நாள்ல முடிக்க வேண்டாம், ஆனா அடுத்த பெரிய அப்டேட் வரைக்கும் விட்டுறாதீங்க. மூணு வருஷம் பழைய டிஸ்ட் ஃபைலை வச்சுக்கிட்டு எது எதுக்குன்னு தெரியாம முழிக்கிற மெஷின்களை நிறையப் பார்த்தாச்சு.

[திரை: காலேஜ் லேப். வரிசையா மானிட்டர்.]

லேப்ல ஐம்பது மெஷின் இருந்தா ஒவ்வொண்ணுலயும் உக்காந்து டி அடிக்க முடியுமா? முடியாது. நான்-இன்டராக்டிவ்னு போட்டு ஓட்டுவாங்க. தப்பில்ல. ஆனா அப்போ டெப்கான்ஃப் கேள்விக்கெல்லாம் டீஃபால்ட் பதில் போயிரும்ங்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டணும். முதல்ல ஒரே ஒரு மெஷின்ல கையால ஓட்டி, என்னென்ன கேள்வி வந்துச்சுன்னு எழுதிக்கிட்டு, அதுக்குப் பிறகு மத்ததுல தானா ஓட விடுங்க. ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் அறிவிப்பை ரூட்டுக்கு, அதாவது மெஷினோட நிர்வாகி அக்கவுண்டுக்கு, மெயிலாவும் அனுப்பும். அந்த ரூட் மெயிலை யாரு திறந்து பார்க்கா? ஈடிசி ஏலியாஸஸ் ஃபைல்ல ரூட்டுக்கு எதிரே மனுஷன் படிக்கிற ஒரு முகவரியைப் போட்டு, அங்க நிஜமா போய்ச் சேருதான்னு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்க. தானா அப்டேட் போடுற அன்-அட்டெண்டட் அப்கிரேட்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: கான்ஃபிகரேஷன் கேள்வி வரக்கூடிய பேக்கேஜை அது தொடாம நிறுத்தி வச்சிரும். நல்ல குணம்தான், ஆனா அப்படி நின்னுபோனது எதுன்னு அப்பப்போ எட்டிப் பார்க்கணும்.

பேக்கேஜ் எழுதுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. டெப்கான்ஃப்ல "நோட்"னு ஒரு வகை இருக்கே, அதை ரொம்ப முக்கியமானதுக்கு மட்டும் வைங்கன்னு அதோட கையேடே கெஞ்சுது. ஏன்னா அது இன்ஸ்டாலையே நிறுத்தி, சில நேரம் மெயிலும் அனுப்பும். "எங்க பேக்கேஜை நிறுவியதற்கு நன்றி"னு அதுல போட்டா, பக்கத்துப் பேக்கேஜ்காரர் எழுதின "டேட்டாபேஸை நிறுத்திட்டு வாங்க"வும் சேர்ந்து படிக்காம போகும். என்ன மாறிச்சு, யாருக்குப் பாதிப்பு, எந்தக் கமாண்ட் ஓட்டணும். மூணு வரி போதும்.

[திரை: மற்ற சிஸ்டம்களின் பெயர்கள்.]

மத்த சிஸ்டத்துக்காரங்களுக்கு வேகமா. ஆர்ச்ல, அப்டேட்டுக்கு முன்னாடி அவங்க தளத்தோட முகப்புல இருக்கிற செய்தியைப் பார்க்கிறது கட்டாயம்னே வச்சுக்கோங்க. 2025 ஜூன்ல லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பிரிச்சப்போ, பழையதைக் கையால எடுத்துட்டுப் புதுசை வைங்கன்னு அங்கதான் போட்டாங்க. பார்க்காம ஓட்டினவங்களுக்கு ஃபைல் மோதல் எர்ரர் வந்து நின்னுச்சு. கான்ஃபிக் மிச்சம் அங்க பேக்நியூங்கிற வாலோட கிடக்கும், பேக்டிஃப் ஓட்டி ஒண்ணொண்ணா தீர்க்கலாம். ஜென்டூல செய்தி படிக்க ஈசெலக்ட் நியூஸ் ரீட், அது போக இன்ஸ்டால் நேரத்து மெசேஜுக்கு ஈலாக். ஃப்ரீபிஎஸ்டில போர்ட்ஸுக்குள்ள அப்டேட்டிங்னு ஒரு பெரிய ஃபைல் இருக்கும். பி.கே.ஜி அப்டேட்டிங்னு கொடுத்தா உங்க மெஷின்ல இருக்கிற பேக்கேஜுக்கு உண்டானதை மட்டும் அதுல இருந்து எடுத்துத் தரும். திரையில ஓடிப்போன மெசேஜை மறுபடி பார்க்க பி.கே.ஜி இன்ஃபோவோட பெரிய டி. மேக்ல ஹோம்ப்ரூ வச்சிருந்தா, ப்ரூ இன்ஃபோ போட்டுப் பேக்கேஜ் பேரைக் கொடுங்க, கேவியட்ஸ்ங்கிற குறிப்புகள் திரும்ப வரும்.

[திரை: எல்லாக் கமாண்டும் ஒரே பக்கத்தில். பத்து விநாடி நிற்கட்டும்.]