முகம் காட்டாத பேய்

நடுவர் அவர்களே, ஏற்காட்டுக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, சேலத்து மக்களே, வணக்கம்.

ஒரு வீடியோ கேசட். பார்த்தவருக்கு ஏழாம் நாள் சாவு. கோஜி சுசுகி 1991-இல் எழுதிய இந்த ஜப்பானிய நாவலை ஹிதேயோ நகாடா 1998-இல் 'ரிங்கு' என்று படமாக்கினார். 2002-இல் கோர் வெர்பின்ஸ்கி அதையே அமெரிக்காவில் 'தி ரிங்' என்று எடுத்தார். மிரட்டுவதில் இரண்டாவதுதான் ஒரு படி மேல் என்று எதிரணித் தம்பி பேசிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நல்ல பையன், சேர்ந்த அணிதான் தப்பு.

அம்மாப்பேட்டையில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை நாங்கள். எங்களையே கேசட்டைக் காட்டிப் பயமுறுத்தியது அந்த ஜப்பான் படம்.

கேசட் முடிந்ததும் போன் அடிக்கும். அமெரிக்கப் படத்தில் ஒரு குரல் 'ஏழு நாள்' என்கிறது. கெடு சொல்லிக் கட்டச் சொல்ல அது என்ன, கரண்டு பில்லா? ஜப்பான் படத்தில் யாரும் பேசுவதில்லை. கேசட்டில் கேட்ட அதே கிறீச் சத்தம்தான். 'ஒரு வாரம்' என்று முணுமுணுப்பது போனை எடுத்தவளே.

அப்புறம் ஜப்பான் படத்தில், கிணற்றில் தள்ளப்பட்டுச் செத்த பெண்ணின் பேய் டிவியிலிருந்து வரும் இடம். கபுகி என்ற ஜப்பானிய நாடகக் கலை பயின்ற ஒரு நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, படத்தைத் திருப்பி ஓட்டினார்கள். உருவம் முன்னால் வருகிறது, உடம்பு மட்டும் ஏதோ தப்பாக அசைகிறது. தரையில் ஊன்றிய விரல்களில் நகமில்லை. கிணற்றுச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டிப் போன நகம். முகத்தை மூடிய கூந்தலுக்குள் தெரிவது ஒரே ஒரு கண். அமெரிக்கப் படமோ அழுகிய முகத்தையே காட்டிவிடுகிறது. பார்த்தாச்சு, இனி என்ன? ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனியில் வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். எதிரே லாரி தெரிந்தால் ஹார்ன் அடிப்போம். ஒன்றுமே தெரியாதபோதுதான் வயிறு கலங்கும்.

அமெரிக்கப் படத்தின் நாயகி நவோமி வாட்ஸ் நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். கப்பலில் குதிரை மிரளும் காட்சி எனக்கும் பிடிக்கும்.

'ஜப்பான் படமே நாவலை மாற்றியதுதானே' என்றார் தம்பி. ஆமாம், மாற்றியதுதான். கேசட்டின் மர்மத்தைத் தேடிப் போகும் நிருபர் நாவலில் ஆண். படத்தில் பெண், ஒரு பையனுக்குத் தாய். தப்பிக்க ஒரே வழி, கேசட்டை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. நாவலில் அவன் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற மாமனார் வீட்டுக்குக் கிளம்புகிறான். சிரிக்காதீர்கள் அண்ணன்மார்களே, வீட்டம்மா பக்கத்திலேயே இருக்கிறார். படத்தில் அவள் கிளம்புவது பெற்ற அப்பாவிடம். அமெரிக்கப் படத்தில், 'இதை யாருக்குக் காட்டுகிறோமோ அவருக்கு என்ன ஆகும்?' என்று பையன் கேட்கிறான், தாய் பதில் சொல்வதில்லை. யாரோ ஒருவர், முகம் தெரியாதவர். ஜப்பான்காரி போன் போட்டு, 'அப்பா, ஒரு உதவி' என்கிறாள். பேரனுக்காக என்றால் அந்தக் கிழவர் மறுப்பாரா?

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன் ஐயா.