கதை கேட்டு வருகிறவர்களுக்கு எந்த அலமாரி?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூர்ப் பக்கம் ஏதாவதொரு கிளை நூலகத்தில் சாயங்காலம் சற்று நேரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண், "பேய்க்கதை புதுசா வந்திருக்குங்களா?" என்று கேட்பார். "அந்த ரேக்குல பாருங்க அம்மணி" என்பார் நூலகர். அந்த ரேக்கில் நாவல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அவர் நாலு புத்தகத்தைப் புரட்டுவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

நூலகங்களில் புத்தகத்துக்குப் பொருள்வாரியாக எண் போடுகிற டூயி தசமப் பகுப்பு முறையில் தமிழ்ப் புனைகதைக்கு அடிப்படை எண் 894.8113. நம் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் தந்த இன்னொரு எண் முறையான கோலன் முறையில் எழுத்தாளர் பிறந்த ஆண்டும் எண்ணில் சேரும். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. பேய்க்கதை தேடுகிறவருக்கு அந்த ஆண்டு எதற்கு? 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பதும் 1931இல் அதே ரங்கநாதன் வகுத்த விதிதானே! அதை நம்பித்தான் சொல்கிறேன்: கதைப் புத்தகங்களை வாசகர் கேட்கிற வகைப்படி அடுக்கலாம்.

பழைய எண்ணை அழிக்க வேண்டாம், பதிவேட்டிலும் கை வைக்க வேண்டாம். சரித்திரம், துப்பறிதல், குடும்பம், பேய்க்கதை என்று வகைக்கு ஒரு நிறத்தில் புத்தக முதுகில் டேப் ஒட்டினால் போதும். ஒவ்வொரு வகைக்குள்ளும் ஆசிரியர் பெயர் அகரவரிசையில் இருக்கட்டும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. சுஜாதா துப்பறியும் கதையும் எழுதினார், அறிவியல் கதையும் எழுதினார், 1857 கிளர்ச்சியை வைத்துச் சரித்திர நாவலும் எழுதினார். அவர் புத்தகங்கள் மூன்று அலமாரிக்குப் பிரிந்து போகும். அதனால் ஆசிரியர்வாரியான பட்டியல் ஒன்று கவுண்டரில் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கொங்குக் கிராமத்தில் ஒரு விதவை தன் பங்கு நிலத்தைக் கேட்கிற கதை. இதைக் குடும்ப நாவல் வரிசையில் செருகினால் யார் கண்ணிலும் படாது. நூலகர்களே, நம் மண்ணின் நாவல்களுக்கென்று வட்டார நாவல் அடுக்கு ஒன்றை வாசலுக்கு நேராக வையுங்கள். நம் பேச்சு அச்சில் இருப்பதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டுமுங்க.

எல்லா ரேக்கையும் ஒரே நாளில் கலைக்க வேண்டியதில்லை. அடுத்த இருப்புச் சரிபார்ப்பின்போது எப்படியும் புத்தகங்களைக் கீழே இறக்குவீர்கள். அப்போது துப்பறியும் கதைகளை மட்டும் பிரித்து வைத்து, அவை எவ்வளவு இரவல் போகின்றன என்று கொஞ்ச நாள் பாருங்கள். அப்புறம் அடுத்த வகையைத் தொடலாம்.