கடலோர ஊருக்கு தனியா போனா கடலே நேரம் சொல்லும்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதா? சரி.

தனியா ஒரு கடலோர ஊருக்கு போறேன், எத்தனை நாள் இருப்பேன், எங்கெங்க போவேன்னு இன்னும் முடிவு பண்ணலன்னு வீட்ல சொல்லிப் பாருங்க. மொத கேள்வி "யார் கூட போற?" ரெண்டாவது கேள்வி "அங்க போய் என்ன பண்ணுவ?" எனக்கும் இதே ரெண்டு கேள்விதான் வந்துச்சு, ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல. அதுக்கு முன்னாடி மூணு வருஷமா கூட வர ஆள் தேடிக்கிட்டே இருந்தேன், ஒருத்தருக்கு லீவு கிடைச்சா இன்னொருத்தருக்கு கிடைக்காது, ரெண்டு பேருக்கும் கிடைச்சா எனக்கு வேலை வந்துடும், அலை ஓயட்டும் அப்புறம் குளிக்கலாம்னு கரையிலயே நின்னுக்கிட்டிருந்தேன். கடைசியா ஒரு நாள் பையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இன்னைக்கு நான் பேச வந்தது அந்த ரெண்டாவது கேள்விய பத்திதான். திட்டம் போடாம போனா என்ன பண்றது? மலைக்கு போறதா இருந்தா கூட பரவால்ல, ஏறணும் இறங்கணும்னு ஒரு வேலை இருக்கு. கடலோர ஊர்ல? நான் கண்டுபிடிச்சது என்னன்னா, அந்த மாதிரி ஊருக்கெல்லாம் ஏற்கனவே ஒரு டைம்டேபிள் இருக்கு, நம்ம ஒரு லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு போனா அது கண்ணுல படாது. வெறுங்கையோட போனாதான் ரெண்டாவது நாளே புரிய ஆரம்பிக்கும்.

தண்ணி ஏறுறது, வத்துறது. அதைத்தான் சொல்றேன். உலகத்துல நிறைய கரைகள்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல 12 மணி 25 நிமிஷம். நிலா பூமிய சுத்தி நகர்ந்துக்கிட்டே இருக்கிறதால தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப்போகும். அதாவது இன்னைக்கு காலையில 9 மணிக்கு பரந்து கிடந்த மணல், நாளைக்கு அதே மாதிரி கிடக்க 9:50 ஆகும், ஒரு வாரம் கழிச்சு அதே 9 மணிக்கு நீங்க போனீங்கன்னா அங்க மணலே இருக்காது, தண்ணிதான் இருக்கும். வீட்ல உக்காந்து "காலை 9 மணி கடற்கரை நடை"ன்னு எழுதி வச்ச ஆளு இதுக்கு என்ன பண்ணுவாரு சொல்லுங்க. எல்லா ஊர்லயும் இதே அளவு இல்ல. மத்தியதரைக் கடல் பக்கம் பெரும்பாலான இடங்கள்ல வித்தியாசமே பெருசா தெரியாது, கனடாவுல ஃபண்டி வளைகுடாவுல 16 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும், சில கடல்கள்ல ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான். அதனால போற ஊர்ல எப்படின்னு போன உடனே கேட்டுக்கணும்.

நான் கேக்கல. மொத நாள் காலையில ரூம்ல பைய வச்ச கையோட கரைக்கு போனேன், மணல் முடியிற இடத்துல ஒரு பாறை மூக்கு கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதை சுத்தி அந்தப் பக்கம் போனா இன்னொரு சின்ன கரை, ஆளே இல்ல. பத்தரை மணி இருக்கும். பாறையோட அடியில தண்ணி கணுக்காலுக்குக் கீழதான் இருந்துச்சு, சந்தோஷமா போய்ட்டேன். நண்டு பாத்தேன், பாறைக் குழியில தேங்கின தண்ணிக்குள்ள குட்டி மீன் எல்லாம் பாத்தேன், நேரம் போனதே தெரியல. பன்னெண்டு மணிக்கு மேல திரும்பலாம்னு வந்தா அந்த மூக்குல இடுப்பளவு தண்ணி, அலை வந்து பாறையில அறையுது. பின்னாடி செங்குத்து பாறை, ஏற வழி இல்ல. நீந்திடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஆழம் தெரியாம கால விடாதேன்னு சின்ன வயசுல இருந்து கேட்ட பேச்சு அந்த நேரம்தான் என் காதுக்கு வந்துச்சு. பாறையில உயரமா, பாசியும் சிப்பியும் ஒட்டாம காய்ஞ்சு இருந்த ஒரு திட்டு இருந்துச்சு, தினமும் தண்ணி எது வரைக்கும் வருதுன்னு அந்தப் பாசிக் கோடே காட்டிடும், அதுக்கு மேல ஏறி உக்காந்துட்டேன். ஆறு மணி நேரத்துக்கு மேல. மூணு மணி சுமாருக்கு நான் நடந்து வந்த மணல் முழுக்க கடல் ஆயிடுச்சு. பௌர்ணமிக்கு அடுத்த நாள்னு எனக்கு அப்புறம்தான் தெரியும், பௌர்ணமி அமாவாசைய ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல நின்னு இழுக்கிறதால ஏத்தமும் அதிகம் வத்தமும் அதிகம். ஆறரைக்கு தண்ணி முழங்காலுக்கு இறங்கினப்போ, இருட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, பாறைய புடிச்சுக்கிட்டே வந்து சேந்தேன்.

அந்த ஆறு மணி நேரத்துல எனக்கு பயம் இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனா என் வாழ்க்கையில ஒரு பொருளை மட்டும் அவ்வளவு நேரம் கண்ணெடுக்காம பாத்தது அன்னைக்குத்தான்.

மறுநாள் காலையில இருந்து நான் வேற ஆளு. படகுத்துறையில போய் "இன்னைக்கு எப்ப வத்தும்"னு கேட்டேன், கேட்ட உடனே அவங்க என்னை பாக்கிற விதமே மாறிடுச்சு. எங்க இருந்து வரீங்கன்னு கேக்காம, வலை உதறிக்கிட்டே காத்த பத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க. காத்துக்கும் நேரம் இருக்குங்க. வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும், தரை மேல இருக்கிற காத்து சூடாகி மேல போக கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும், மதியத்துக்கு மேல நல்லா வீசும். ராத்திரி அப்படியே தலைகீழ், தரை சீக்கிரம் ஆறிடும், காத்து கரையில இருந்து கடலுக்கு போகும். பாய்மரப் படகு காலத்துல விடியறதுக்கு முன்ன கரைக்காத்துல போய் மதியம் கடக்காத்துல திரும்பினதுக்கு காரணம் இதுதான். இதை தெரிஞ்சுக்கிட்டா உங்க நாளும் தானா அமைஞ்சிடும், காலையில கடல் அடங்கி இருக்கும்போது தண்ணி பக்கம், மதியம் நிழல், சாயங்காலம் நடை. ஒண்ணு மட்டும் கவனம், கடக்காத்து வீசும்போது வெயில் உறைக்காது ஆனா தோலை சுடும், காய்ஞ்ச மணல் புற ஊதாக்கதிர்ல 15 சதவீதமும் நுரை 25 சதவீதமும் திருப்பி அடிக்கும், தொப்பி போட்டாலும் கீழ இருந்து வரும்.

ஜோஷுவா ஸ்லோகம்னு ஒருத்தர். உலகத்த பாய்மரப் படகுல தனியா சுத்தி வந்த மொத மனுஷன். 1895 ஏப்ரல்ல பாஸ்டன்ல இருந்து கிளம்புறாரு, கிழக்கு பக்கமா, மத்தியதரைக் கடல் வாசல்ல இருக்கிற ஜிப்ரால்டர் தாண்டி சூயஸ் கால்வாய் வழியா போறதா யோசனை. ஜிப்ரால்டர் போன உடனே அங்க இருந்த கடற்படை அதிகாரிங்க, முன்னால கடற்கொள்ளைக்காரங்க தொல்லை இருக்குன்னு சொல்றாங்க. படகை திருப்பிட்டாரு. மறுபடியும் அட்லாண்டிக்க கடந்து மேற்கு பக்கமா உலகத்த சுத்தி 1898 ஜூன்ல வந்து சேர்றாரு. பாதி வழியில திசையவே மாத்த எப்படி முடிஞ்சுச்சுன்னா, ஓட்டையா கிடந்த அந்தப் படகை 13 மாசம் தன் கையாலயே புதுசா கட்டி வச்சிருந்தாரு. நான் இதை எங்க பேசினாலும் சொல்வேன், ஏன்னா திட்டம் போடாம போறதையும் தயாராகாம போறதையும் நிறைய பேரு ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க.

நம்ம படகு நம்ம பைதான். உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, பத்துல ஒரு பங்கோட நின்னா இன்னும் நல்லது, இடுப்பு பெல்ட்ட இறுக்கி போட்டா பாரம் தோள்ல இருந்து இடுப்புக்கு இறங்கும். டார்ச், பவர் பேங்க், ஆஃப்லைன் மேப், அடையாள அட்டையோட நகல் ஒண்ணு தனி இடத்துல, ஃபோன் போட தண்ணி புகாத கவர். உப்புக்காத்து ஜிப்ப கூட விடாது, அதனால ராத்திரி ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சிடுங்க. மொத ராத்திரிக்கு மட்டும் ரூம் புக் பண்ணிக்கோங்க, தயவு செஞ்சு. தெரியாத ஊர்ல இருட்டினதுக்கு அப்புறம் ரூம் தேடி அலையிறது சுதந்திரம் இல்ல, முக்கியமா தனியா போற பொண்ணுங்களுக்கு. வெளிச்சத்துல போய் சேருங்க, மொத நாள் ஊரை நடந்து பாத்துட்டு அடுத்த நாள் எங்கன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் யாராவது ஒருத்தருக்கு தினமும் ஒரு மெசேஜ், எங்க இருக்கேன்னு. நான் பாறையில மாட்டின அன்னைக்கு நான் எங்க இருக்கேன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் இப்பவும் எனக்கு உறுத்துது.

தனியா போறவங்க கடல்ல இறங்குறத பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லிடுறேன். அலை உடையிற கோட்டுக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரியும், புதுசா வர்றவங்க அங்கதான் இறங்குவாங்க. அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பி போற வழி அது, நொடிக்கு 2.4 மீட்டர் வரைக்கும் ஓடும், ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது. மாட்டினா கரைய பாத்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அதோட அகலத்த தாண்டுங்க, முடியலன்னா மிதங்க, கைய தூக்கி கூப்பிடுங்க. லைஃப்கார்டு இருக்கிற கரையில சிவப்பும் மஞ்சளும் பாதி பாதியா இருக்கிற ரெண்டு கொடிக்கு நடுவுல மட்டும் குளிங்க, ரெட்டை சிவப்பு கொடின்னா இறங்கவே கூடாது. ஏத்த வத்த நேரம் தெரிஞ்சவருக்கு இன்னொண்ணும் தெரியும், நேரங்கெட்ட நேரத்துல கடல் திடீர்னு உள்வாங்குச்சுன்னா வேடிக்கை பாக்காம மேட்டுக்கு ஓடணும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்னைக்கு நிறைய கரைகள்ல அப்படி உள்வாங்கின கடலை பாக்க ஜனங்க உள்ள நடந்து போனாங்க. நிலம் பலமா, ரொம்ப நேரம் ஆடினாலும் யாரும் சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க.

சரி, தனிமை. மொத ரெண்டு நாள் தெரியாது. மூணாவது நாள் மதியம் வரும். எனக்கு வந்துச்சு. காத்து அடிச்சு கதவு படபடங்குது, ரூம்ல படுத்திருக்கேன், பேச ஆளில்ல, ஃபோன்ல பஸ் டைம் பாத்துட்டேன் திரும்பி போக. இந்த மதியத்துல திரும்பி போனவங்க நிறைய பேர எனக்கு தெரியும், அவங்க எல்லாருமே "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எனக்கு செட் ஆகல"ன்னுதான் சொல்வாங்க. நான் உங்களை கேட்டுக்கிறது ஒண்ணுதான், அந்த ஒரு மதியத்த மட்டும் கடந்துடுங்க. ஏன்னா கூட ஆள் இருந்தா நம்ம பாக்கிறத எல்லாம் அவங்ககிட்ட சொல்லி கரைச்சிடுறோம், சொல்ல ஆள் இல்லாதப்போ அது உள்ளயே தங்குது, மொதல்ல பாரமா இருக்கும், அப்புறம் கண்ணு தானா கூர்மையாகும். அன்னைக்கு சாயங்காலம் வெளிய வந்து லைட் ஹவுஸ் எதிர்ல உக்காந்தேன். ஒவ்வொரு லைட் ஹவுஸுக்கும் அதுக்குன்னு ஒரு தாளம் உண்டு, எத்தனை தடவை மின்னும், நடுவுல எத்தனை நொடி இருட்டுன்னு, கடல்ல இருக்கிறவங்க அதை எண்ணித்தான் எந்தக் கரைன்னு கண்டுபிடிப்பாங்க. நானும் எண்ணினேன். ரெண்டு மின்னல், அப்புறம் இருட்டு, மறுபடி ரெண்டு. எவ்வளவு நேரம் எண்ணினேன்னு தெரியல, பஸ் டைம் மறந்து போச்சு.

ஆறாவது நாள் கிளம்பினேன். காலையில பையோட கரையில கடைசியா ஒரு நடை நடந்துக்கிட்டிருக்கும்போது எதிர்ல ஒரு பொண்ணு, முதுகுல புது பை, அப்பதான் பஸ்ல இறங்கி வந்த முகம். பாறை மூக்க காட்டி "அந்தப் பக்கம் போக முடியுமா"ன்னு கேட்டுச்சு. மணி எட்டு, தண்ணி ஏறி நின்னுச்சு. "இன்னைக்கு ஒரு மணி சுமாருக்கு நல்லா வத்தும்மா, பதினொண்ணுக்கு மேல போங்க, ரெண்டரைக்குள்ள இந்தப் பக்கம் வந்துடுங்க, நாளைக்கு போனா 50 நிமிஷம் தள்ளி வச்சுக்கோங்க"ன்னு சொன்னேன். "நீங்க இந்த ஊரா"ன்னு கேட்டுச்சு.