மூன்று முதல் ரவுண்டு பிக், 102 பாஸ்: ட்ரே லான்ஸ் போன மறுநாள்

வணக்கம் நண்பர்களே. குரல் கொஞ்சம் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி நம் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers ஆடுகிற லீவைஸ் ஸ்டேடியத்திலிருந்து வீடு வந்து சேரவே பதினொன்றரை தாண்டிவிட்டது. இன்று சனிக்கிழமை, 2023 ஆகஸ்ட் 26. காபி குடித்துவிட்டு நேராக கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி முழுக்க இதே யோசனைதான்.

நேற்று மாலை டாஸ்மன் டிரைவில் கார் வரிசை ஊர்ந்துகொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு வரி. லான்ஸ் டல்லஸுக்கு, நாலாவது ரவுண்டு பிக். அதாவது நம் க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ட்ரே லான்ஸை டல்லஸ் டீமுக்குக் கொடுத்துவிட்டு, டீம்கள் முறைபோட்டுப் புது வீரர்களை எடுக்கிற டிராஃப்டில், நாலாவது சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் அதே செய்தி நாலு பக்கமிருந்தும் வந்தது.

பார்க்கிங்கில் எனக்கு அடுத்த காரில் ஒருவர் பின் கதவைத் திறந்துவைத்து, சின்னக் கரியடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். கூடவே அவர் மகன், பத்து வயது இருக்கும். முதுகில் பெரிய 5, அதற்கு மேல் லான்ஸ் என்ற பெயர். அப்பா ஃபோனைப் பார்த்தார். இடுக்கியைக் கீழே வைத்தார். பையன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, அவன் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். பையன் தலையாட்டினான். சட்டையைக் கழற்றவில்லை. அடுப்பில் ஒரு பக்கம் கருக ஆரம்பித்துவிட்டது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லான்ஸை அனுப்பியது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இதற்குச் சொல்லப்படுகிற காரணம் தப்பு. "ப்ரீசீசனில் சோபிக்கவில்லை, அதனால் போனார்" என்று நேற்றிலிருந்து எல்லோரும் பேசுகிறார்கள். சீசனுக்கு முந்தைய மூன்று வாரத்து ஆகஸ்ட் பயிற்சி ஆட்டம் ஒரு க்வார்ட்டர்பேக்கின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிட்டது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இது 2021 மார்ச் 26ஆம் தேதியே தீர்மானமான விஷயம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் டீமிடம் அந்த வருஷ டிராஃப்டின் 12வது பிக் இருந்தது. மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக அந்த 12ஐயும், 2022, 2023 இரண்டு வருஷத்து முதல் ரவுண்டு பிக்குகளையும், போதாததற்கு ஒரு மூன்றாவது ரவுண்டு பிக்கையும் மயாமிக்குக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் எடுத்ததுதான் ட்ரே லான்ஸ். நார்த் டகோடா ஸ்டேட் கல்லூரியில் 2019இல் 16 ஆட்டம், 16 வெற்றி, புள்ளி வாங்கித் தந்த டச்டவுன் பாஸ் 28, எதிராளி கையில் போய்ச் சேர்ந்த இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருஷம் கோவிட், ஒரே ஒரு மேட்ச். ஆக, அவர் கையில் இருந்த அனுபவம் ஒரு முழு சீசன், அவ்வளவுதான். திறமை இருந்தது, கை பலம் இருந்தது, ஓட்டம் இருந்தது. தேவைப்பட்டது ஆடிப் பழகுவதற்கான நேரம்.

நேரம் கொடுக்க முடியாத டீம் எது என்று கேட்டால் நம் டீம்தான். 2019 சீசனில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரைக்கும் போய் கேன்சஸ் சிட்டியிடம் தோற்ற டீம். 2021இல் மறுபடியும் அரையிறுதி மாதிரியான என்எஃப்சி சாம்பியன்ஷிப் வரை போனது. ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலை. கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிற வயலில் போய் நாற்றுப் பாவின மாதிரி ஆகிவிட்டது. நாற்றின் மேல் என்ன குற்றம் சொல்வது?

அப்புறம் காயங்கள். 2021 ப்ரீசீசனின் கடைசி மேட்சிலேயே, பந்து எறிகிற வலது கையின் ஆள்காட்டி விரலில் எலும்பு முறிவு. க்வார்ட்டர்பேக்குக்கு அந்த விரல் எவ்வளவு முக்கியம் என்று பந்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்தைக் கடைசியாகத் தொட்டு அனுப்புவது அதுதான். அந்த வருஷம் இரண்டே ஸ்டார்ட், அதாவது முதல் ஆளாக இறங்கியது இரண்டே மேட்ச். 2022இல் பொறுப்பு முழுசாக அவருடையது என்றார்கள். முதல் மேட்ச் சிகாகோவில், கொட்டுகிற மழையில், மைதானம் குளமாக நின்றது. தோல்வி. இரண்டாவது மேட்ச் நம் ஊரில், சியாட்டிலுக்கு எதிராக. முதல் க்வார்ட்டரிலேயே கணுக்கால் உடைந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி அமைதியானதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டிசம்பரில் அதே காலில் இன்னொரு அறுவை சிகிச்சை.

கூட்டிப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் நான்கு ஸ்டார்ட். சீசன் ஆட்டங்களில் மொத்தம் எறிந்த பாஸ் 102. மூன்று முதல் ரவுண்டு பிக் கொடுத்து வாங்கிய ஒருவர் 102 தடவைதான் பந்தை எறிந்திருக்கிறார். இவர் நல்லவரா, மோசமானவரா என்று நம் கோச் ஷனஹனுக்கும் முழுசாகத் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனக்கு வருத்தமே அதில்தான்.

இந்த ஆகஸ்டில் என்ன பார்த்தோம்? லாஸ் வேகஸில் முதல் மேட்ச், 34-7 என்று உதை வாங்கினோம். லான்ஸ் எறிந்த 15 பாஸில் 10 சேர்ந்தது, 112 யார்டு, ஒரு டச்டவுன். நான்கு தடவை சாக் ஆனார், அதாவது எறிவதற்கு முன்பே பிடித்து வீழ்த்தப்பட்டார். நான் அந்த மேட்சை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அவரைக் காக்க முன்னால் நின்ற லைன் இரண்டாம், மூன்றாம் நிலை ஆட்கள், அது உண்மை. ஆனால் லான்ஸிடமும் ஒரு தயக்கம் தெரிந்தது. பின்னால் வருகிறார், கால் ஊன்றுகிறார், பந்து கிளம்பவேண்டிய நொடியில் இடது உள்ளங்கையால் பந்தை ஒரு தட்டுத் தட்டுகிறார். ஆள் திறந்திருக்கிறானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எறிகிறார். கல்லூரியில் அந்தத் தட்டுக்கு நேரம் கிடைக்கும். இங்கே அதற்குள் எதிராளி இடுப்பைப் பிடித்துவிடுவான். ஷனஹனுடைய ஆட்டமுறையில் பந்தைப் பிடிக்கிற ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து காற்றில் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கை நூறு நூறு ஸ்னாப் (ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வந்து ஆட்டம் தொடங்குவது) ஆடி வருவது. சொல்லிக் கொடுத்து வராது.

அடுத்த வாரம் டென்வருடன் நம் மைதானத்தில். நம் முதல் க்வார்ட்டர்பேக் பர்டி காயத்திலிருந்து திரும்பி வந்து 5க்கு 4, 65 யார்டு. அதற்குப் பிறகு இன்னொரு க்வார்ட்டர்பேக், டார்னால்ட். கடைசியில் லான்ஸ். அந்தக் கடைசி டிரைவ் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். பின்தங்கியிருந்த டீமைக் கொண்டுபோய் ஃபீல்ட் கோல் தூரத்தில் நிறுத்தினார், கடிகாரம் முடிகிற நேரத்தில் ஜேக் மூடி உதைத்து 21-20. லான்ஸ் அன்று 18க்கு 12, 173 யார்டு, ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். முதல் வாரத்தைவிட நல்ல முன்னேற்றம். நான்கு நாள் கழித்து, புதன்கிழமை, டார்னால்ட்தான் நம்பர் 2 என்று ஷனஹன் அறிவித்தார். எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் இப்படிச் செய்திருக்கமுடியாது. எண்களுக்கு அப்பால் வேறொன்றைப் பார்த்திருக்கிறார்கள்.

அது என்ன என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சாம் டார்னால்டும் மூன்றாவது பிக்தான், 2018இல் ஜெட்ஸ் எடுத்தது. நியூயார்க்கிலும் கரோலினாவிலும் சேர்த்து 55 ஸ்டார்ட். அதில் பாதி பார்க்கச் சகிக்காத ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது க்வார்ட்டரில் திடீரென்று உள்ளே போகச் சொன்னால் என்ன நடக்கும் என்று உடம்புக்கே தெரிந்த மனிதர். பேக்கப் க்வார்ட்டர்பேக் வேலை அதுதான். வாரம் முழுக்கப் பயிற்சியில் ஸ்னாப் கிடைக்காது, முதல் ஆளுக்குத்தான் எல்லாம். எதிர் டீம் மாதிரி நடித்துக் காட்டுவதுதான் இரண்டாம் ஆளின் வேலை. மூன்றாம் ஆளுக்கு அதுவும் இல்லை. ஏற்கெனவே ஆடிக் கற்றவருக்கு அந்த வேலை பொருந்தும். ஆடித்தான் கற்கவேண்டும் என்ற நிலையில் இருப்பவரை அங்கே உட்காரவைத்தால் இன்னொரு வருஷமும் வீண்.

"சரி, மூன்றாம் ஆளாகவாவது வைத்திருக்கலாமே" என்று போன வீடியோவின் கீழே நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஜனவரி 29க்குப் போகவேண்டும்.

எனக்கு இன்னும் ஆறவில்லை நண்பர்களே. ஃபிலடெல்ஃபியாவில் என்எஃப்சி சாம்பியன்ஷிப். 262வது பிக், டிராஃப்டின் கடைசி ஆள், ப்ராக் பர்டி, ஐந்து சீசன் ஸ்டார்டும் வெற்றி, தோற்றால் வெளியே என்கிற பிளேஆஃபில் சியாட்டிலையும் டல்லஸையும் ஜெயித்து அங்கே வந்து நிற்கிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஹசான் ரெடிக் வந்து கையில் அடித்தார், முழங்கைத் தசைநார் போயிற்று. அடுத்த க்வார்ட்டர்பேக் ஜோஷ் ஜான்சன் உள்ளே வந்தார், அவருக்கும் தலையில் அடி. வேறு ஆள் இல்லாமல், எறியவே முடியாத கையோடு பர்டியையே திரும்ப அனுப்பினார்கள். 31-7. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் இந்த வருஷம், 2023 மே மாதம், லீக் விதியையே மாற்றியது. இந்த வருஷ விதிப்படி, 53 பேர் பட்டியலில் மூன்றாவது க்வார்ட்டர்பேக் ஒருவர் இருந்தால், மேட்ச் நாள் கணக்கில் சேர்க்காமல் அவசரத்துக்கு உட்காரவைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு பேரும் காயத்தால் வெளியேறினால் மட்டும் உள்ளே வரலாம்.

அந்த நாற்காலிக்கு லான்ஸ் எதற்கு? பிராண்டன் ஆலன் போதும். சின்சினாட்டியில் ஜோ பர்ரோவுக்குப் பின்னால் இருந்தவர், தன் வேலை என்ன என்று தெரிந்தவர், அமைதியாகச் செய்வார். 23 வயசுப் பையனை அந்த நாற்காலியில் வருஷம் முழுக்க உட்காரவைத்து, தினமும் நிருபர்கள் அவரைப் பற்றியே கேள்வி கேட்டு, பர்டி ஒரு இன்டர்செப்ஷன் எறிந்தால் கூட்டம் லான்ஸ் பெயரைச் சொல்லிக் கத்தி... அது யாருக்கும் நல்லதில்லை. டல்லஸிலும் டாக் ப்ரெஸ்காட், கூப்பர் ரஷ் என்று இரண்டு பேர் முன்னால் இருக்கிறார்கள்தான். ஆனால் அங்கே இவர் மேல் அந்தப் பழைய விலைச்சீட்டு ஒட்டியிருக்காது.

டல்லஸ் என்றதும் மனசு இன்னொரு இடத்துக்குப் போகிறது. நாம் 2021இல் கொடுத்த அந்த 12வது பிக், மயாமியிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்கிருந்து டல்லஸுக்குப் போனது. அதில் டல்லஸ் எடுத்தது டிஃபென்ஸ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ். இப்போது லான்ஸும் அதே லாக்கர் ரூமுக்குப் போகிறார். இரண்டு பேரும் டல்லஸில், நம் கையில் 2024இன் ஒரு நாலாவது ரவுண்டு பிக். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள், இந்த வியாபாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஷனஹனும் ஜெனரல் மேனேஜர் லிஞ்சும் இதற்குப் பொறுப்பு ஏற்கத்தான் வேண்டும். அதே இரண்டு பேர்தான் 262வது பிக்கில் பர்டியையும் கண்டுபிடித்தார்கள், அதையும் நான் மறைக்கப் போவதில்லை. இந்த 2023 சீசனில் பர்டியின் சம்பளம் 8,70,000 டாலர். அந்த மிச்சம் இருப்பதால்தான் மற்ற இடங்களில் இத்தனை பெரிய ஆட்களை வைத்துக்கொள்ள முடிகிறது.

பர்டியின் முழங்கை பற்றி என் பயத்தைச் சொல்லாமல் இருக்கமுடியாது. மார்ச் 10இல் அறுவை சிகிச்சை, ஐந்தே மாதத்தில் மைதானத்தில். கேம்ப் ஆரம்பத்தில் இரண்டு நாள் எறிந்தால் ஒரு நாள் ஓய்வு என்றுதான் வைத்திருந்தார்கள். டென்வர் மேட்சில் அவர் எறிந்த ஒவ்வொரு தடவையும் பந்து எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். எறிந்த பிறகு முழங்கையைத் தொடுகிறாரா, உதறுகிறாரா என்று. தொடவில்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மற்றவை சுருக்கமாக. நேற்று சார்ஜர்ஸிடம் 23-12 தோல்வி, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அது தனி வீடியோ. என் தூக்கத்தைக் கெடுப்பது நிக் போசா. போன சீசனில் 18.5 சாக், லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது, இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை, கேம்ப் பக்கமே வரவில்லை. கேட்கிற பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. அப்புறம் மூடி. பிளேஆஃபில் 29க்கு 29 உதைத்த ராபி கோல்டை விட்டுவிட்டு, 99வது பிக்கில் எடுத்த பையன். வேகஸில் இரண்டு தவறவிட்டார், டென்வர் மேட்சில் ஜெயிக்கவைத்தார், இப்போது தொடையில் காயம். இவர் விஷயத்தில் பொறுமையாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, 29ஆம் தேதி, நம் கலிஃபோர்னியா நேரப்படி மதியம் 1 மணிக்குள் 90 பேரை 53ஆகக் குறைக்கவேண்டும். இந்த வருஷம் இடையில் படிப்படியான வெட்டு இல்லை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கெடுதான். 32 டீமிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் இளைஞர்களுக்கு அதற்குள் ஃபோன் வரும். அதனால் அன்றைக்கு யாரையும் கேலி செய்து கமென்ட் போடாதீர்கள், இது என் வேண்டுகோள். க்வார்ட்டர்பேக் வரிசையில் பர்டி, டார்னால்ட், ஆலன் மூன்று பேரையும் வைக்கவேண்டும், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிறகும் இரண்டு பேரோடு போனால் நான் மன்னிக்கமாட்டேன். சீசனின் முதல் மேட்ச் செப்டம்பர் 10, பிட்ஸ்பர்க்கில், நமக்குக் காலை 10 மணி.

செவ்வாய் மதியம் ஆஃபீஸில் ஒரு மணிக்கு மீட்டிங் இருக்கிறது, தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பட்டியல் வந்ததும் காரிலிருந்தே லைவ் வருகிறேன்.