அரசரின் மேசையும் சூடான மணலும்

நண்பர்களே, வணக்கம். பிரெஞ்சுப் பழங்கால மேசை என்றதும் தங்கப் பளபளப்புதான் கண்முன் நிற்கும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு மேசைக்கு அருகில் உங்களை அழைத்துப்போகிறேன்.

பிரான்சின் பதினைந்தாம் லூயி அரசருக்காகச் செய்த எழுதுமேசை அது. இன்றும் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. 1760-இல் ழான் பிரான்சுவா ஓபென் என்ற தச்சர் தொடங்கினார். 1763-இல் அவர் இறந்துபோக, அவருடைய பட்டறையில் இருந்த ரீஸ்னர் 1769-இல் முடித்துக் கொடுத்தார். ஒரு மேசைக்கு ஒன்பது வருஷம்!

சாவியை ஒரு தரம் திருப்பினால் மேலே சுருண்டு திறக்கும் உருளை மூடியும் இழுப்பறைகளும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்தது வேறொன்று. மைக்கூடுகளுக்குப் பக்கவாட்டில் தனி அறை வைத்தார்கள். வேலைக்காரர் மை நிரப்பிவிட்டுப் போகலாம், அரசரின் காகிதங்கள் பக்கம் கை போகாது. அந்த மேசையில் உட்காரப் போகிறவரின் அன்றாடம் தெரிந்தவர்தான் இப்படி யோசிப்பார்.

அப்புறம் அந்தப் பூக்கள். அவ்வளவும் மரம். மெல்லிய தகடாக அறுத்த மரத்தை இதழ் இதழாக வெட்டிப் பதித்தார்கள். இதழுக்கு நிழல் வேண்டுமா? இடுக்கியில் பிடித்து, சூடான மணலில் ஓரத்தை மட்டும் செருக வேண்டும். அடியில் மணல் அதிகம் சுடும், மேலே குறைவு. அதனால்தான் ஓரத்தில் கருமை அடர்ந்து, உள்ளே வரவர மங்குகிறது. கொஞ்ச நேரம் கூடிவிட்டால் இதழ் கரியாகிவிடும். ரீஸ்னர் தன் கையெழுத்தைக்கூட இப்படி மரத்தில் பதித்துத்தான் போட்டிருக்கிறார்.

சரி, தங்கத்துக்கு வருவோம். பொன்னைப் பாதரசத்தோடு கலந்து வெண்கல அணிகளில் பூசி, தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்துத்தான் பூச்சுக்காரர்கள் உடல் கெட்டுப்போனார்கள். அந்த மினுக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

நூறு வருஷம் கழித்து, பாரிஸ் தச்சர்கள் இதே மேசையைத் திரும்பச் செய்தார்கள். 1878 உலகக் கண்காட்சியில் ஆன்றி தாசோன் செய்த மேசை இடம்பெற்றது. பிரான்சுவா லிங்க்கும் செய்தார். நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அறுப்பது, பதிப்பது, வார்ப்பது, செதுக்குவது என்று பழைய கைவேலை அத்தனையும் வசப்படாமல் இதைச் செய்யவே முடியாது. 1850-களில் தொடங்கிய இன்னொரு நகல் லண்டன் வாலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனால், பூக்களின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள்.